'100% அகாவே'ன்னு போட்டிருந்தா போதுமா? ஒரு கிளாஸ் ரெபோசாடோ டெக்கிலா சொல்லும் ஒரு சதவிகித ரகசியம்!

டெக்கிலா என்றதும் உங்க மனசுல என்ன காட்சி ஓடுது? புறங்கையில கொஞ்சம் உப்பு, ஒரே மடக்குல உள்ளே போற சின்ன கிளாஸ், உடனே வாயில திணிக்கிற எலுமிச்சைத் துண்டு, அப்புறம் கோணலாகிற முகம். ஹாலிவுட் படங்கள் நமக்குக் கத்துக்கொடுத்த டெக்கிலா இதுதான்.

இப்போ ஒரு கேள்வி. ஒரு பானத்தைக் காசு கொடுத்து வாங்கிட்டு, அதோட ருசி நாக்குல படவே கூடாதுன்னு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? உப்பும் எலுமிச்சையும் சேர்ந்து செய்யுற வேலை அதுதானே!

மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில், அதிலும் 'டெக்கிலா' என்ற பெயரிலேயே இருக்கும் ஊரில், பழைய முறையில் வடிக்கும் ஆட்களிடம் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் டெக்கிலாவை உறிஞ்சித்தான் குடிக்கிறார்கள். நாம் ஃபில்டர் காபியை எப்படி ஒவ்வொரு வாயாக ரசிக்கிறோமோ, அப்படி.

அதே ஹாலிஸ்கோவில்தான் கடந்த சில ஆண்டுகளாக ஒரு பெரிய சண்டையும் நடந்துகொண்டிருக்கிறது. விவசாயிகள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு போடப்பட்டிருக்கிறது. ஒரு தம்பதியின் வீட்டில் சோதனையே நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே கேள்வி: பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

அந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு நல்ல வழி, ஒரு கிளாஸ் ரெபோசாடோவை நிதானமாக ருசி பார்ப்பது. வாங்க, பார்ப்போம்.

ரெபோசாடோ... பெயருக்கு ஏத்த ஓய்வு!

ஸ்பானிஷ் மொழியில் 'ரெபோசாடோ' என்றால் 'ஓய்வெடுத்தது' என்று பொருள். வடித்து இறக்கியதும் பீப்பாயில் வைக்காமலோ, இரண்டு மாதத்துக்குள்ளோ பாட்டிலில் அடைத்தால் அது 'பிளாங்கோ'. நிறமில்லாமல் தண்ணீர் போல இருக்கும். ஓக் மரத்துக்குள் குறைந்தது இரண்டு மாதம் ஓய்வெடுத்தால் 'ரெபோசாடோ'. ஒரு வருடத்தைத் தாண்டினால் 'அன்யேஹோ'. மூன்று வருடத்தைத் தாண்டினால் 'எக்ஸ்ட்ரா அன்யேஹோ'. இந்தக் கடைசி வகை 2006-ல்தான் விதிமுறைக்குள் வந்தது.

இந்த நான்கிலும் ருசி பார்க்கக் கஷ்டமானது, ஏமாற்ற சுலபமானது ரெபோசாடோதான். எப்படிங்கிறீங்களா? பிளாங்கோவில் ஒளிவதற்கு இடமில்லை. கற்றாழை நல்லா இல்லேன்னா நாக்கு உடனே சொல்லிடும். அன்யேஹோவில் மரத்தின் ருசி தூக்கலாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் நிற்கும் ரெபோசாடோவில் கற்றாழையும் மரமும் சரிக்குச் சமமாகப் பேசணும். அந்தச் சமநிலையைக் காலத்தாலும் கொண்டு வரலாம், ஒரு சொட்டு வெனிலா எசென்ஸாலும் கொண்டு வரலாம். அங்கேதான் பிரச்னை ஆரம்பிக்குது.

சோற்றுக்கற்றாழை இல்லீங்க... இது வேற!

டெக்கிலா தயாராவது நீல அகாவேயிலிருந்து. அகாவே டெக்கிலானா என்பது அதன் தாவரவியல் பெயர். முகத்துக்குப் பூசுகிறோமே அந்தச் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்மூரில் ரயில் பாதை ஓரங்களில் முள் நீட்டிக்கொண்டு நிற்கும் ரயில் கற்றாழை இருக்கிறதல்லவா? அதுதான் இதற்கு நெருங்கிய சொந்தம்.

ஹாலிஸ்கோ முழுவதும், நயாரித், குவானஹுவாதோ, மிச்சோவாகான், தமௌலிபாஸ் மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் விளைந்த நீல அகாவேயிலிருந்து வடித்தால்தான் அதற்கு டெக்கிலா என்று பெயர். 1974-ல் மெக்சிகோ அரசு இந்தப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. நம்மூர் காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டுக்கு இருக்கிற புவிசார் குறியீடு போலத்தான். சொல்லப்போனால், இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலேயே டெக்கிலாவும் இருக்கிறது.

ஒரு செடி முதிர்வதற்குச் சுமார் ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். 'ஹிமதோர்' என்று அழைக்கப்படும் அறுவடைத் தொழிலாளி, 'கோஆ' என்ற நீண்ட கைப்பிடி கொண்ட வட்ட வெட்டுக்கத்தியால் இலைகளைச் சீவித் தள்ளுவார். நடுவில் மிஞ்சும் கிழங்கு போன்ற தண்டு, பார்க்க அன்னாசிப்பழம் போல இருப்பதால் அதன் பெயரும் 'பின்யா', அதாவது அன்னாசி. ஒவ்வொன்றும் பல பத்து கிலோ எடை இருக்கும். ஒரு லிட்டர் டெக்கிலாவுக்குப் பழைய முறையில் சுமார் ஏழு கிலோ பின்யா தேவைப்படும். இந்த ஏழு கிலோ கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

செக்கா, மெஷினா?

பின்யாவை அப்படியே பிழிந்தால் மது வராது. அதில் இருப்பது இனுலின் என்ற மாவுச்சத்து போன்ற பொருள். அதை வேகவைத்தால்தான் இனிப்பாக மாறும். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

பழைய பாதையில் செங்கல் அடுப்பு. நீராவியில் ஒன்றரை நாள், இரண்டு நாள் என்று மெதுவாக வேகும். பிறகு 'தஹோனா' என்ற இரண்டு டன் எடையுள்ள எரிமலைக்கல் சக்கரம், வட்டக் குழியில் சுற்றிச் சுற்றி வந்து நசுக்கும். நம்ம ஊர் செக்கைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் மாடும் கழுதையும் இழுத்தன. இப்போது பெரும்பாலும் மோட்டார். ஆனால் அதோதோனில்கோ எல் அல்தோ ஊரில் இருக்கும் 'சியெத்தே லெகுவாஸ்' நிறுவனத்தில் கோவேறு கழுதைகள் இன்னமும் வேலை செய்கின்றன. புரட்சியாளர் பாஞ்சோ வீயாவின் குதிரைப் பெயரை வைத்துக்கொண்ட நிறுவனம் அது.

சாறு மரத்தொட்டிகளில் சில நாள்கள் ஊறும். பிறகு செம்புப் பானைகளில் இரண்டு தடவை வடிப்பார்கள். முதலில் வருவதைத் 'தலை' என்றும் கடைசியில் வருவதை 'வால்' என்றும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இதயம்'.

புதிய பாதையில் 'டிஃப்யூசர்' என்ற நீளமான இயந்திரம். வேகாத பின்யாவைத் துருவி, சூடான தண்ணீரைப் பாய்ச்சி, உள்ளே இருக்கும் சத்தை ஏறக்குறைய முழுசாகவே கழுவி எடுத்துவிடும். அந்தத் திரவத்தை அமிலம் சேர்த்துச் சூடாக்கி இனிப்பாக மாற்றுவார்கள். நாள்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிந்துவிடும். வீணாவதும் மிகக் குறைவு. இது சட்டப்படி தப்பில்லை. ஆனால், அடுப்பில் மெதுவாக வேகும்போது வரும் அந்தக் கருகல் கலந்த இனிப்பு மணம் இதில் வராது. குக்கரில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும், விறகடுப்புச் சாம்பலில் சுட்ட கிழங்குக்கும் இருக்கிற வித்தியாசம்தான்.

சரி, வராத ருசியை வரவைக்கணும்னா என்ன பண்ணுவாங்க? எதையாவது சேர்க்கணும். அந்தக் கதைக்குப் போகும் முன் கிளாஸைக் கையில் எடுப்போம்.

இதோ ஒரு பாட்டில்

உதாரணத்துக்கு 'ஃபோர்டலேஸா' ரெபோசாடோவை எடுத்துக்கொள்வோம். பழைய முறை டெக்கிலா என்று பேச்சு வந்தாலே ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று.

இதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை உண்டு. தொன் செனோபியோ சௌஸா 1873-ல் டெக்கிலா ஊரில் தொழிலைத் தொடங்கினார். மூன்று தலைமுறை கழித்து, 1976-ல் குடும்பம் அந்தப் புகழ்பெற்ற நிறுவனத்தை விற்றுவிட்டது. பேரன் கியெர்மோ எரிக்சன் சௌஸாவுக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அருங்காட்சியகமாகக் கிடந்த குடும்பத்தின் சிறிய பழைய வடிசாலையை அவர் புதுப்பித்தார். அதே செங்கல் அடுப்பு, அதே கல் சக்கரம், மரத்தொட்டி, செம்புப் பானை. 2005-ல் 'லோஸ் அபுவேலோஸ்' என்ற பெயரில் மெக்சிகோவில் விற்பனைக்கு வந்தது. 'தாத்தா பாட்டிமார்' என்று அர்த்தம்.

லேபிளில் மூன்று விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, '100% அகாவே' என்ற வாசகம். இது இல்லையென்றால் உள்ளே 49% வரை கரும்பு உள்ளிட்ட வேறு சர்க்கரையிலிருந்து வந்த சாராயம் இருக்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. வெறும் 'டெக்கிலா' என்று மட்டும் போட்டு விற்பார்கள்.

இரண்டு, 'நோம்' எண். எந்த வடிசாலையில் தயாரானது என்பதைச் சொல்லும் நான்கு இலக்க எண். ஃபோர்டலேஸாவுக்கு 1493. வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில், வெவ்வேறு நட்சத்திரத்தின் முகத்தோடு வரும் பாட்டில்களில் ஒரே நோம் எண் இருப்பதைப் பார்த்தால் ஆச்சர்யப்படுவீங்க. எல்லாம் ஒரே ஆலையிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

மூன்று, ஆல்கஹால் அளவு. 35 முதல் 55% வரை விதி அனுமதிக்கிறது. ஃபோர்டலேஸா ரெபோசாடோவில் 40%.

கண், மூக்கு, நாக்கு... இந்த வரிசையில்!

வாய் குறுகலான ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றுங்க. ஐஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். ஊற்றிய பிறகு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்க.

முதலில் கண். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்க. இந்த ரெபோசாடோ, காய்ந்த வைக்கோலின் இளமஞ்சளில் இருக்கும். ஏற்கெனவே போர்பன் விஸ்கி வைத்திருந்த அமெரிக்க ஓக் பீப்பாய்கள் சில மாதத்தில் தரக்கூடிய நிறம் அவ்வளவுதான். சில மாத ஓய்விலேயே தேன் நிறத்தில் ஜொலிக்கும் ரெபோசாடோவைப் பார்த்தால் சந்தேகம் வரணும். கிளாஸைச் சுழற்றினால் சுவரில் கோடுகோடாக வழியும். அது மெதுவாக இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தரத்தை முடிவு செய்யாதீங்க. கிளிசரின் சேர்த்தாலும் அப்படித்தான் இறங்கும்.

அடுத்து மூக்கு. மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் சுரீர் என்று ஏறி எல்லாவற்றையும் மரத்துப்போகச் செய்துவிடும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸின் விளிம்பில் மெதுவாக முகருங்க. முதலில் வர வேண்டியது வெந்த அகாவேயின் மணம். அதை நமக்குத் தெரிந்த மொழியில் சொல்லணும்னா, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் கருப்பட்டிப் பாகும் கலந்தது மாதிரி. அதன் பின்னால் எலுமிச்சைத் தோல், வெண்ணெய், ஈரமண். கடைசியாக, தூரத்தில் நின்று கூப்பிடுவது மாதிரி வெனிலாவும் பட்டையும். இந்த வரிசைதான் முக்கியம். கற்றாழை முன்னாடி, மரம் பின்னாடி. கேக் கடைக்குள் நுழைந்த மாதிரி வெனிலா மட்டுமே மூக்கில் மோதினால், நீங்க முகர்வது கற்றாழையை அல்ல.

ஒரு எச்சரிக்கை. வெனிலா இருந்தாலே கலப்படம் என்று முடிவு கட்டிவிடாதீங்க. சுட்ட ஓக் மரத்திலேயே இயற்கையாக வெனிலின் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது அளவையும் வரிசையையும்.

பிறகு நாக்கு. முதல் வாய் கணக்கில் சேராது. அது நாக்குக்கு அறிமுகம் மட்டுமே. இரண்டாவது வாயில் அரை ஸ்பூன் அளவு எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்க. விழுங்கிய உடனே மூக்கு வழியாக மூச்சை விடுங்க. ருசியில் பாதி அந்த மூச்சில்தான் தெரியும். இதில் முதலில் இனிப்பு தலைகாட்டும். உடனே மிளகின் கார்ப்பு, கொஞ்சம் ஆப்பிள், லேசான துவர்ப்பு, மண்வாசம். இனிப்பு வந்து போய்விடும், நாக்கில் ஒட்டாது. குடித்து முடித்து ஒரு நிமிடம் கழித்தும் வெந்த அகாவேயின் நினைவு தொண்டையில் மிஞ்சும்.

மார்க் போடணுமா? வசதிக்காக நூற்றுக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மணத்துக்கு 30, ருசிக்கு 30, கற்றாழைக்கும் மரத்துக்கும் இடையிலான சமநிலைக்கு 15, விழுங்கிய பிறகு நிற்கும் ருசிக்கு 15, வாயில் உணரும் தன்மைக்கு 10. முடிந்தால் அதே நிறுவனத்தின் பிளாங்கோவையும் பக்கத்தில் வைத்து ருசியுங்க. பிளாங்கோவில் இருந்த கற்றாழை ரெபோசாடோவில் எவ்வளவு மிச்சம் இருக்கு? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், எல்லா மார்க்கையும்விடப் பெரிசு.

பழைய ஆட்கள் செய்யும் இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேயுங்க. காய்ந்ததும் கை சாதாரணமாக இருந்தால் நல்லது. பிசுபிசுன்னு ஒட்டினால் உள்ளே சர்க்கரையோ கிளிசரினோ இருக்கலாம். இது ஆய்வகச் சோதனை இல்லைதான். ஆனால், கேள்வி கேட்பதற்கு ஓர் ஆரம்பம்.

அந்த ஒரு சதவிகிதம்!

இப்போது சண்டைக்கு வருவோம். '100% அகாவே' என்று எழுதியிருந்தாலும், மெக்சிகோ விதிமுறைப்படி நான்கு பொருள்களைச் சேர்க்கலாம். காராமல் நிறம், ஓக் மரச்சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு. மொத்த எடையில் 1%-க்குள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு சதவிகிதம்தானே என்று தோணுதா? 750 மில்லி பாட்டிலில் அது சுமார் ஏழு கிராம். அடர்த்தியான எசென்ஸ் ஏழு கிராம் என்ன செய்யும் என்று பாயசம் செய்கிறவர்களைக் கேளுங்க. ஒரு மூடி கூடினாலே அடுப்படி மணக்கும். நிறம், மணம், வழவழப்பு, இனிப்பு... நாம் மேலே கண், மூக்கு, நாக்கு என்று வரிசையாகச் சோதித்தோமே, அத்தனையையும் மாற்ற அந்த ஏழு கிராம் போதும்.

ஹாலிஸ்கோவில் வசிக்கும் ஓர் அமெரிக்கத் தம்பதி, டெக்கிலா பற்றிய தகவல் செயலி ஒன்றை நடத்திவந்தார்கள். எந்தெந்த நிறுவனங்கள் எதையும் சேர்ப்பதில்லை என்று ஆலைக்கே போய்ச் சோதித்து, 2020 முதல் பட்டியல் வெளியிட ஆரம்பித்தார்கள். குடிக்கிறவர்களிடம் அதற்குப் பெரிய வரவேற்பு. டெக்கிலாவின் தரத்தைக் கண்காணிக்க 1994-ல் உருவாக்கப்பட்ட ஒழுங்குமுறை அமைப்பான சி.ஆர்.டி-க்கு அது பிடிக்கவில்லை. சான்று கொடுக்கும் அதிகாரம் தனியாருக்குக் கிடையாது, விதிக்குள் இருக்கும் பொருள்களைக் கெட்டதுபோலக் காட்டுவது மக்களைக் குழப்பும் என்பது அதன் வாதம். 2024-ல் அந்தத் தம்பதியின் வீட்டில் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள்.

சி.ஆர்.டி-யின் வாதத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. காராமல் நிறம் ஸ்காட்ச் விஸ்கியிலும் அனுமதிக்கப்பட்டதுதான். ஆளாளுக்கு முத்திரை குத்த ஆரம்பித்தால் எதை நம்புவது என்பதும் நல்ல கேள்விதான். ஆனால், 'சேர்ப்பது சட்டப்படி சரி' என்பது வேறு, 'சேர்த்திருக்கிறோம் என்று சொல்ல மாட்டோம்' என்பது வேறு. முதலாவது தயாரிப்பாளரின் உரிமை. இரண்டாவது, வாங்குகிறவரின் உரிமையில் கை வைக்கிறது. எதையும் சேர்க்காத ஒருவர், 'நான் சேர்க்கவில்லை' என்று சொல்லிக்கொள்வதுகூடச் சிக்கலாகிறது என்றால், யாருடைய நலனுக்காக அந்த விதி என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்?

2025 மே மாதம் விவகாரம் இன்னொரு படி மேலே போனது. டியாஜியோ நிறுவனத்தின் 'காசாமிகோஸ்', 'தொன் ஹூலியோ' டெக்கிலாக்கள் '100% அகாவே' இல்லை என்று குற்றம்சாட்டி நியூயார்க்கில் வழக்கு தொடரப்பட்டது. நிறுவனம் அதை உறுதியாக மறுத்திருக்கிறது. குற்றச்சாட்டு, குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. இதில் அறிவியல் சிக்கலும் உண்டு. கரும்பு, மக்காச்சோளம் வழியாக வந்த ஆல்கஹாலைக் கண்டுபிடிக்கக் கார்பன் ஐசோடோப் சோதனை செய்வார்கள். ஆனால், அகாவேயின் கார்பன் அடையாளம் கரும்போடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அதனால் சாதாரணக் கார்பன் சோதனை மட்டுமே போதாது, இன்னும் நுட்பமான சோதனைகள் தேவை. நீதிமன்றத்தில் நிபுணர்கள் மோதிக்கொள்ள நிறைய இடமிருக்கிறது.

30 பேசோவும் ஏழு வருடமும்

'வசதியானவங்க குடிக்கிற சரக்குல எதைக் கலந்தா நமக்கென்ன?' என்று கேட்கலாம். இதில் அடிபடுவது வசதியானவர்கள் அல்ல, விவசாயிகள்.

ஜார்ஜ் க்ளூனியும் நண்பர்களும் தொடங்கிய காசாமிகோஸை 2017-ல் டியாஜியோ 100 கோடி டாலர் வரை மதிப்பிட்டு வாங்கியது. அதன் பிறகு நட்சத்திரங்கள் வரிசைகட்டினார்கள். 2022-ல் அமெரிக்காவில் டெக்கிலாவும் மெஸ்காலும் சேர்ந்து, விற்பனை வருவாயில் அமெரிக்க விஸ்கியையே முந்தின. அந்த வருடம் உற்பத்தி 65 கோடி லிட்டரைத் தாண்டியது. கற்றாழை விலை கிலோ 30 பேசோ வரை ஏறியது. ஊரெல்லாம் கற்றாழை நட்டார்கள். மக்காச்சோளம் போட்ட நிலத்திலும் அதுதான்.

நம்மூரில் தக்காளி விலை ஏறினால் எல்லோரும் தக்காளி போட்டு, மூன்று மாதத்தில் ரோட்டில் கொட்டுவார்களே, அதே கதைதான். இங்கே மூன்று மாதம், அங்கே ஏழு வருடம். நட்டது முதிர்ந்தபோது சந்தை சுருங்கிவிட்டது. 2024-ல் உற்பத்தி 50 கோடி லிட்டருக்கும் சற்றுக் கீழே இறங்கியது. விலை ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது.

முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன ஏழு கிலோ கணக்கை இப்போ போடுங்க. கிலோ 30 பேசோ என்றால், ஒரு லிட்டர் டெக்கிலாவில் கற்றாழைக்கான பங்கு 210 பேசோ. கிலோ 5 பேசோ என்றால் 35 பேசோ. கடையில் பாட்டில் விலை இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதா? இல்லை. ஏழு வருடம் காத்திருந்த விவசாயியின் கையில்தான் அந்த ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஆத்திரத்தில்தான் அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வேறு மலிவான ஆல்கஹால் கலக்கப்படுவதாகவும் அவர்கள் குற்றம்சாட்டுகிறார்கள். சி.ஆர்.டி அதை ஏற்கவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. விலை ஏறும்போது, ஆறேழு வருடம் காத்திருக்க முடியாமல் இளம் செடிகளையே வெட்டுவார்கள். இளம் செடியில் இனிப்பு குறைவு, ருசியும் குறைவு. அந்தக் குறையை மறைக்க மெஷினும் எசென்ஸும் வந்தன. சரி, இப்போது முதிர்ந்த கற்றாழை மலிவாகக் குவிந்து கிடக்கிறது. இப்போதாவது எசென்ஸை நிறுத்தலாமே? நிறுத்துவது சுலபமில்லை. வெனிலா மணக்கும், தொண்டையில் வழுக்கும் டெக்கிலாதான் உயர்ந்தது என்று இத்தனை வருடத்தில் கோடிக்கணக்கான நாக்குகள் பழகிவிட்டன. கலப்பது பாட்டிலை மட்டும் மாற்றவில்லை, குடிக்கிறவரின் அளவுகோலையே மாற்றிவிட்டது.

பூக்காத செடி, பசித்த வௌவால்

இன்னொரு பங்குதாரரும் இருக்கிறார். வௌவால்! அகாவே தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். இரவில் வந்து தேன் குடிக்கும் நீண்ட மூக்கு வௌவால்கள்தான் மகரந்தம் பரப்பும். ஆனால், பூத்தால் இனிப்பெல்லாம் பூவுக்குப் போய்விடும் என்பதால், பூந்தண்டு கிளம்பியதுமே வெட்டிவிடுகிறார்கள். புதுச் செடிகளை விதையிலிருந்து வளர்க்காமல், தாய்ச்செடியின் பக்கக் கன்றுகளையே நடுகிறார்கள். மலைச்சரிவு முழுக்க ஒரே செடியின் நகல்கள். ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து விழும்.

மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் ரோத்ரிகோ மெதெயின், வயலில் ஒரு சிறு பகுதிச் செடிகளையாவது பூக்கவிடுங்கள் என்று வடிசாலைகளைக் கேட்டு ஓர் இயக்கம் நடத்திவருகிறார். அப்படிச் செய்யும் நிறுவனங்களின் பாட்டிலில் வௌவால் முத்திரை கிடைக்கும். கொஞ்சம் இழக்கத் தயாராக இருப்பவர்களால்தான் இது முடியும். பொறுமைக்கு விலை உண்டு என்பதை இந்தச் செடி எத்தனை விதமாகத்தான் சொல்லும்!

நமக்கு இதில் என்ன?

தக்காணப் பீடபூமியில் காடாக வளரும் அகாவே அமெரிக்கானாவிலிருந்து இந்தியாவிலேயே மது வடிக்கிறார்கள். 'மாயா பிஸ்டோலா' அவற்றில் ஒன்று. அதிலும் ரெபோசாடோ உண்டு. ஆனால், அதை டெக்கிலா என்று அழைக்க முடியாது. ருசி பார்க்கும் முறை என்னவோ இதேதான்.

குடிக்காதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்குங்க. 'மரச்செக்கு எண்ணெய்', 'சுத்தமான தேன்', 'ஒரிஜினல் கருப்பட்டி' என்று ஒட்டிய லேபிளை நம்பி நாம் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம். அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு, எந்த அளவு வரை கலந்தால் சொல்லத் தேவையில்லை என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? டெக்கிலாவில் அந்தக் கேள்வியைக் கேட்டது குடிக்கிறவர்கள்தான். அவர்கள் கேட்டதால்தான் நோம் எண்ணைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஃபோர்டலேஸா போன்ற சின்ன வடிசாலைகளின் பாட்டில்களைத் தேடி அலையும் கூட்டமும் உருவானது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிடறோம். எதையும் சேர்க்காத டெக்கிலாவும் மதுதான். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'கலப்பில்லாதது' என்பதை 'உடம்புக்கு நல்லது' என்று யாராவது விற்றால், அது இன்னொரு பொய் லேபிள்.

கடைசியாக ஒன்று. ருசி பார்த்து முடித்த கிளாஸைக் கழுவாமல் ராத்திரி அப்படியே வைத்துவிட்டு, காலையில் எடுத்து முகர்ந்து பாருங்க. ஆல்கஹால் பறந்துபோயிருக்கும். மிச்சமிருப்பது வெந்த கற்றாழையும் மண்ணும் மணக்கும் வாசனையா, கேக் கடை வாசனையா? லேபிள் சொல்லாததை அந்தக் காலி கிளாஸ் சொல்லிவிடும்!